புகார் கல்லாவுக்குப் போகட்டும்

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு மனம் கசந்து வெளியே வருகிற யாரைக் கேட்டாலும் காரணம் நாக்கு நுனியில் இருக்கிறது. "இப்பல்லாம் சர்வருங்க எங்க சார் இருக்காங்க? எல்லாம் வடக்கத்திப் பசங்க. பாஷையும் தெரியாது, அக்கறையும் கிடையாது" என்பார்கள். அடுத்த மூச்சில் அந்தக் காலம் வந்துவிடும். இலை போடும்போதே முகத்தைப் பார்த்துப் பசியின் அளவைத் தெரிந்துகொண்ட சர்வர்கள், சாம்பார் கேட்பதற்கு முன்பே வாளியோடு வந்து நின்றவர்கள், இருக்கிற பலகாரத்தையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தவர்கள். இந்தப் பேச்சைக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்தவர்கள் கூடும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன். உணவக முதலாளிகள் சொல்வதும் இதுவே. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆள் நிற்பதில்லை, நிற்கிற ஆளுக்கு வேலை தெரிவதில்லை.

பணம் கொடுக்கிறவரும் பணம் வாங்குகிறவரும் ஒரே கருத்தில் நிற்பது எந்த வியாபாரத்திலும் அபூர்வம். இங்கே அது நடப்பதற்குக் காரணம், இருவருக்கும் நடுவில் தட்டோடு நிற்பவருக்குப் பேச வாய்ப்பில்லை என்பதுதான். அந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். ஒரு ராத்திரிச் சாப்பாடு பாழாவதை மேசைக்கு வருகிற பையன் தீர்மானிப்பதில்லை. எத்தனை மேசைக்கு எத்தனை ஆள், அடுப்பு யாருடைய ஆர்டரை முதலில் எடுக்கும், மெனு எத்தனை பக்கத்துக்கு நீளும், பில்லின் அடியில் எந்தத் தொகை சேரும் என்பதையெல்லாம் முதலாளி அன்று காலையிலேயே, ஏன், கடை திறந்த வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுகளின் விளைவுதான் ஆறிப்போன குருமாவாக நம் முன்னால் வந்து உட்காருகிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு சென்னையில் ஒரு பெரிய ஏசி உணவகத்துக்குப் போனோம். சனிக்கிழமை இரவு. மேசை சொல்லிவைத்திருந்தும் வாசலில் வெகுநேரம் நிற்கவைத்தார்கள். உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி, "பாட்டில் வாட்டரா, நார்மல் வாட்டரா?" கேப்டன் வந்து டேப்பில் ஆர்டர் எடுத்துக்கொண்டு போனார்; அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. குழந்தைகள் கேட்ட சூப், பிரியாணிக்குப் பின்னால் வந்தது. பரோட்டா வந்து காய்ந்து விறைத்த பிறகு குருமா வந்தது. அம்மா ராத்திரியில் கனமாக எதுவும் சாப்பிடுவதில்லை. அவருக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சொல்லியிருந்தோம். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிற நேரத்தில் இடியாப்பம் வந்தது. தேங்காய்ப்பால் வரவேயில்லை. அந்தப் பகுதியிலிருந்த அத்தனை மேசைகளுக்கும் ஒரே ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். கேட்டபோதெல்லாம் "அஞ்சு நிமிஷம், அண்ணா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் அவன் சொல்லக்கூடிய ஒரே ஆறுதல் அது.

அம்மா, "புள்ள என்னடா பண்ணும், விடு" என்றார். தங்கை வீட்டுக்காரர், "இவனுங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்றார். தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பற்றி நிலவும் இரண்டு கருத்துகளும் எங்கள் மேசையிலேயே இருந்தன. நான் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் முதல் வேலையாக எங்கள் எல்லார் முன்னாலும் அந்தப் பையனை இந்தியில் ஏசினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சாரி சார், புதுப் பையன், சொன்னா புரியமாட்டேங்குது" என்றார். பில் வந்தது. அதில் பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். "அது பசங்களுக்குப் போறது சார்" என்றார் அதே மேனேஜர். சற்றுமுன் எங்களுக்காகப் பலி கொடுத்த பையனை, பணம் என்றதும் கேடயமாகப் பிடித்தார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். சாப்பாட்டை மறந்துவிடலாம், இதை மறக்க முடியவில்லை.

வெளியே போகும் வழியில் பார்சல் கவுன்ட்டரைக் கடந்தபோது தாமதத்துக்கான விடை கண்ணில் பட்டது. ஆரஞ்சு சட்டையும் சிவப்புச் சட்டையுமாக ஸ்விக்கி, ஜொமாட்டோ ஊழியர்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். சமையலறை ஜன்னலில் பில் மெஷின் ஓயாமல் சீட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தோசைக்கல், ஒரு பரோட்டாக் கல், ஒரு தந்தூர் அடுப்பு, சைனீஸ் போடுகிற ஒரு மாஸ்டர். அந்த நாலு அடுப்புகளும் ஹாலில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் சமைக்கின்றன, அண்ணா நகரிலும் முகப்பேரிலும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சமைக்கின்றன. செயலி வழியாக வருகிற ஆர்டருக்குக் கெடு உண்டு. தாமதமானால் அந்தக் கடையின் மதிப்பெண் இறங்கும், ஆர்டரே ரத்தாகலாம். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்? அவர் குடும்பத்தோடு வந்துவிட்டார், பாதி சாப்பிட்டுவிட்டார், எழுந்து போகமாட்டார். ஆகவே அவரைக் காக்கவைக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டது மேசைக்கு வந்த பையனா?

செயலி நிறுவனங்களிடம் முதலாளிகளும் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கமிஷன் அதிகம், நிபந்தனைகள் ஒருதலையானவை என்று தேசிய உணவகங்கள் சங்கம் 2021-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ஆணையம் ஸ்விக்கி, ஜொமாட்டோ மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. நியாயமான சண்டை அது. ஆனால் தன் சமையலறையால் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆர்டர் தாங்க முடியும் என்று முதலாளிக்குத் தெரியும். கூட்டம் நெரியும் வேளையில் செயலியில் கடையை மூடிவைக்கிற வசதியும் உண்டு. அதைச் செய்யாமல் இரு பக்கப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, தாமதத்தை மட்டும் தட்டு தூக்குகிறவன் தலையில் வைப்பது எப்படி நியாயமாகும்?

இனி அந்தக் காலத்துக்கு வருவோம். பழைய ஹோட்டல் சர்வரின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் ஏற்ற பாத்திரத்தை மூன்று தலைமுறையாக நாம் கொண்டாடுகிறோம் என்றால், அந்தத் தொழிலுக்குத் தமிழர் மனத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சர்வர் வேகமாக இருந்ததற்கு அவர் கை கால் மட்டும் காரணமில்லை. மதியச் சாப்பாடு என்றால் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் எல்லாம் பத்தரை மணிக்கே ஆகி வாளியில் நிற்கும். காலையில் இட்லி, பொங்கல், வடை. மாலையில் இன்ன பலகாரம் என்று கணக்கு. தோசை ஒன்றுதான் கேட்டபின் ஊற்றுவது. அந்த ஏற்பாட்டில் நல்ல சர்வர் பளிச்சென்று தெரிவார். இன்றைய ஏசி உணவகத்தில் மெனு ஒரு புத்தகம். தென்னிந்தியம், வட இந்தியம், சைனீஸ், தந்தூரி, பீட்சாவும் உண்டு. ஒரே மேசையின் ஆர்டர் நாலு மாஸ்டர்களிடம் சிதறிப்போகிறது. நாலும் ஒரே நேரத்தில் தயாராகி ஒன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொள்ளச் சமையலறை வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். நன்றாக நடக்கும் சமையலறைகளில் அதற்கென்றே ஆள் போடுகிறார்கள். செலவு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அந்த ஆள்மீதுதான். சூப்புக்கு முன்னால் பிரியாணி வருவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. பையன் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். எது ஆறினால் கெடும், எது காத்திருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் காலக் கவனிப்பு எல்லாருக்கும் கிடைத்ததா என்பதையும் கேட்க வேண்டும். சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் இயக்கம் 1957-இல் மறியல் நடத்தியது. சுதந்திரம் வந்து பத்தாண்டு ஆகியும் தலைநகரின் நடுவில் அந்த நிலை. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது, இருக்கிறது. முகம் பார்த்துப் பரிமாறினார்கள் என்று நாம் நெகிழ்ந்து சொல்லும்போது, எந்த முகங்களைப் பார்த்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். மேசை துடைத்தது யார்? பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள். அரைக்கால் சட்டையும் ஈரத் துணியுமாக நின்ற அந்தக் குழந்தைகளை ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க முடியாது. உணவகங்களிலும் சாலையோரத் தாபாக்களிலும் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை மத்திய அரசு தடை செய்தது 2006 அக்டோபரில்தான். பொற்காலம் என்று சொல்லப்படுகிற அந்தக் காலத்தின் சுறுசுறுப்பில் ஒரு பங்கு அந்தக் குழந்தைகளுடையது. அதற்குத் திரும்பிப் போக நான் ஒப்பமாட்டேன்.

பாஷை பற்றிய குற்றச்சாட்டு இதைவிட மோசமானது, ஏனென்றால் அதில் வெறுப்பு கலந்திருக்கிறது. தமிழ்நாட்டு ஹோட்டல் தொழில் எப்போதுமே வெளியூர்க்காரர்களால் நடந்தது. உடுப்பியிலிருந்து வந்தவர்கள் துளுவும் கன்னடமும் பேசிக்கொண்டுதான் இங்கே இட்லி விற்றார்கள். டீக்கடைகளை மலையாளிகள் வளர்த்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் மும்பையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் தட்டுத் தூக்கினார்கள், இன்றும் தூக்குகிறார்கள். அரபு கற்றுக்கொண்டா விமானம் ஏறினார்கள்? அஸ்ஸாம், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், நேபாளத்திலிருந்து வருகிற இளைஞருக்கு மேசையைக் கவனிக்கத் தேவையான தமிழ் நூறு சொல்லுக்கு மேல் போகாது. வெந்நீர், உப்பு, காரம் கம்மி, இன்னொரு தட்டு, ஆறிடுச்சு, இலை எடுங்க. இதைக் கற்றுக்கொடுக்க இரண்டு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் தர மனமில்லாத முதலாளி, "சொன்னா புரியாது" என்று நம்மிடம் வருத்தப்படுகிறார். சொன்னாரா என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

2023 மார்ச்சில், பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பலர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினார்கள். பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. தமிழ்நாடு காவல்துறை வழக்குகள் போட்டது. செய்தி பொய் என்று நிலைநாட்டப்பட்டது. அந்த நாட்களில் இந்த மாநிலத்தின் கட்டடத் தொழிலும் ஆலைகளும் உணவகங்களும் எவ்வளவு பதறின என்பது நினைவிருக்கும். யார் இல்லாவிட்டால் கடை திறக்க முடியாதோ அவர்களைத்தான் நாம் சாப்பிட்டு முடித்ததும் பழிக்கிறோம்.

அக்கறை கிடையாது என்கிறார்கள். அக்கறை எங்கிருந்து வரும்? இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற, சிவகங்கைப் பக்கத்து சப்ளையர் ஒருவரோடு எனக்குப் பழக்கம். அவரிடம் இதைக் கேட்டேன். "எனக்கு ரெண்டு கையி, ரெண்டு காலு சார். ஏழு டேபிளக் குடுத்தா நாலத்தான் பாக்க முடியும். மிச்ச மூணு டேபிளும் என்னையத்தான் திட்டும். நான் யாரைத் திட்டுறது?" என்றார். காலை பலகாரத்துக்கு நின்றவரே ராத்திரி டிபனுக்கும் நிற்கிறார் என்றும், நடுவில் கொடுக்கிற ஓய்வில் மாடியில் பத்துப் பேர் படுக்கிற அறையில் கண்ணயர வேண்டும் என்றும், தட்டு உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-இலேயே வந்துவிட்டது. வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் அதில் வரம்பு இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், பொருள் சேதத்துக்காகப் பிடித்தம் செய்வதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றது. தட்டை உடைத்த பையனிடம் எந்தக் கடையில் விளக்கம் கேட்டார்கள்?

உட்காரும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்களுக்காகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல திருத்தம். நான் போகிற உணவகங்களில் சாப்பிட வருகிறவருக்கு மெத்தை வைத்த நாற்காலி இருக்கிறது. பரிமாறுகிறவர் ஐந்து நிமிஷம் உட்கார ஒரு முக்காலிகூட நான் பார்த்ததில்லை. ஓய்ந்த நேரத்திலும் சுவரோரம் கைகட்டி நிற்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு நம் மேசைக்கு வருகிற முகத்தில் சிரிப்பு இல்லை என்று குறைபடுகிறோம். அந்த முகம் எத்தனை மணிக்கு எழுந்தது என்று தெரிந்தால் குறைபடமாட்டோம்.

டிப்ஸ் தாராளமாகக் கொடுத்தால் கவனிப்பு தானாக வரும் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கா இதை நாடு தழுவிச் செய்து பார்த்துவிட்டது. அங்கே டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய மத்தியச் சட்டக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். டிப்ஸும் சேர்ந்து பொதுக் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால்தான் மீதியை முதலாளி தர வேண்டும். கூலியின் பெரும்பகுதியை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். டிப்ஸைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் இருக்கிற தொடர்பு மிகப் பலவீனமானது என்று காட்டியிருக்கிறார். மனிதர்கள் வழக்கத்துக்காகவும் கூச்சத்துக்காகவும் கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கிறேன், கொடுப்பேன். அதனால் ஏழு மேசைக்கு இரண்டாவது ஆள் வந்துவிடமாட்டார்.

இவ்வளவு சொன்னபின், என் அம்மா சொன்னதுதான் சரி, பையன் பாவம், பேசாமல் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அதையும் நான் ஏற்கவில்லை. இரக்கத்தால் வாயை மூடிக்கொள்வது பார்க்க மென்மையாக இருக்கிறது. அதன் பலன் முழுவதும் முதலாளிக்குப் போகிறது. கெட்டுப்போன சாப்பாட்டுக்கு முழு விலையும் கிடைக்கிறது, புகாரும் இல்லை, மறுநாளும் அதே ஆள் கணக்கில் கடை நடக்கிறது. நாம் பொறுத்துக்கொண்டதால் அந்தப் பையனுக்கு ஒரு மேசைகூடக் குறைவதில்லை. திட்டுகிறவரும் இரங்குகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவர் பார்வையும் பையனைத் தாண்டி மேலே போவதில்லை.

சட்டத்தின் பார்வை தாண்டிப் போகிறது. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சரி, அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, சேவைக் குறைபாட்டுக்குப் பொறுப்பாளியாகச் சேவையை விற்ற நிறுவனத்தைத்தான் நிறுத்துகின்றன. பரிமாறியவர் பெயரை யாரும் கேட்பதில்லை. பணம் யார் பெயரில் போனதோ அவர் பதில் சொல்ல வேண்டும். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஓர் இடியாப்பத்துக்காக நீதிமன்றம் போ என்று நான் சொல்லவில்லை. புகார் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. நாம்தான் தெளிவில்லாமல் இருக்கிறோம். மேனேஜர் பையனைக் கூப்பிட்டு நம் முன்னால் ஏசத் தொடங்கினால், "அவரை ஏசாதீங்க, அவர் மேல எனக்குப் புகார் இல்லை. இந்தப் பக்கத்துக்கு ஏன் ஒரே ஆள் போட்டிருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். நான் அன்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் ஏச்சு நின்றது.

கருத்துப் பதிவு செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒற்றை நட்சத்திரம் கொடுங்கள், காரணத்தையும் எழுதுங்கள்; சர்வரின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். சட்டைப் பையில் குத்தியிருக்கிற பெயர்ப்பட்டையைப் படித்து எழுதுகிற அந்த ஒரு வரி ஒரு மனிதரின் வேலையையே கேள்விக்குள்ளாக்கும். முதலாளிக்கும் அது வசதி. பெயரைச் சொல்லிவிட்டீர்கள், ஆளை எடுத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று பதில் போட்டுவிட்டு, அதே மேசைகளுக்கு இன்னொரு புதிய பையனை நிறுத்திவிடுவார்.

நன்றாக நடத்த முடியாதா என்றால், முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1981-இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் உலகெங்கும் கிளை பரப்பியதற்குச் சாம்பார் மட்டும் காரணமில்லை. மற்ற ஹோட்டல்களைவிட நல்ல சம்பளம், தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று தொழிலாளர்களுக்குச் செய்ததைப் பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அதன் நிறுவனர் ராஜகோபால் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கொடுமையை எந்தச் சம்பளப் பட்டியலும் மறைத்துவிடாது, மறைக்கவும் கூடாது. ஆனால் தட்டு எடுக்கிறவருக்கு நிலையான வாழ்க்கை கொடுத்தால் மேசையில் கவனிப்பு தெரியும் என்ற பாடத்தை நம் முதலாளிகள் அவர்கள் கண்முன்னாலேயே பார்த்தார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களை வெளியே அனுப்பியபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டினார்; 1957-இல் பெங்களூரில் முதல் கூட்டுறவு எழுந்தது, 1958-இல் கேரளத்தில் திருச்சூரில். வெள்ளைத் தலைப்பாகையோடு காபி கொண்டுவருகிறவர் அங்கே அந்தக் கடையின் பங்குதாரர். வேகம் போதாது என்று சிலர் சொல்லலாம். தலை நரைத்தவர்கள் அங்கே பரிமாறுவதைப் பாருங்கள். சர்வர் வேலையில் ஒருவர் தலை நரைக்கும்வரை நிற்கிறார் என்றால், ஆள் நிற்பதில்லை என்ற புலம்பலுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

கடைசியாகப் பணம். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்து, இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். தொழிலாளர் நலனுக்காகவே அந்தத் தொகையை வாங்குகிறோம் என்பது சங்கங்களின் வாதமாக இருந்தது. அவ்வளவு நலனில் அக்கறை இருந்தால் அதைச் சம்பளமாக எழுதி, சம்பளத்துக்கேற்பப் பண்டத்தின் விலையை வைத்து, மெனுவில் வெளிப்படையாகப் போடலாமே. அந்த விலையைப் பார்த்து உள்ளே வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். கட்டாயமாகச் சேர்த்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம்.

ஆள் கூட்டினால் விலை ஏறும், நீங்களே கத்துவீர்கள் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் ஏழு மேசை, சனிக்கிழமை மாலையில் ஒவ்வொரு மேசைக்கும் மூன்று குடும்பம் என்று வைத்துக்கொண்டால் 21 பில். இரண்டாவது ஆளுக்கு அந்த மாலைக்கு 800 ரூபாய் கொடுத்தால் ஒரு பில்லுக்கு 38 ரூபாய் கூடும். சராசரி பில் 2,000 ரூபாய் என்றால், பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜாக அதே 21 பில்களில் வசூலாவது 4,200 ரூபாய். இரண்டாவது ஆளுக்கு மட்டுமா, ஐந்து பேருக்குக் கொடுக்கலாம். அந்தப் பணத்தை வாங்கிவிட்டு ஏழு மேசைக்கு ஒருவனை ஓடவிடுகிற முதலாளி, அது எங்கே போனது என்று எழுத்தில் காட்டட்டும்.